இக்கரைக்குச் சர்க்கரை

எங்கள் ஊரில் சாப்பிடும் நேரத்தில் வாசல் வழியாக யார் போனாலும், "வாங்க, சாப்பிடலாம்" என்று கூப்பிட்ட பிறகுதான் அடுத்த வாய்ச் சோற்றை எடுப்பார்கள். கூப்பிடுகிறவர் தட்டில் அரைக் கருவாடுதான் இருக்கும். போகிறவருக்கும் அது தெரியும். "இப்பத்தான் ஆச்சு" என்று வயிற்றைத் தடவிக்கொண்டே நடந்துவிடுவார். இரண்டு பேரும் சொல்வது பொய்தான். ஆனால் இந்தப் பொய்யைச் சொல்லத் தெரியாதவனுக்கு எங்கள் ஊரில் பெண் கிடைக்காது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நடந்ததற்கெல்லாம் கெட்ட எண்ணம்தான் காரணம் என்று விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் மூவரும் நினைப்பதாகத் தெரிகிறது. உங்கள் கேள்விகளின் தோரணை அப்படி. இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. எங்கள் ஆட்களின் நல்ல குணத்தால் வந்த வினை இது. நான் அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தப் பார்த்தேன், அவ்வளவுதான். என் வக்கீல் வாயைத் திறக்கவே வேண்டாம் என்கிறார். சின்ன வயது, மணிலாக்காரர், பதற்றம் அதிகம். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை என்பதால் நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

என் பெயர் ரோமுலோ. பனாய் தீவில், கபீஸ் கடற்கரையில், ஆறு கடலோடு சேரும் இடத்தில் எங்கள் ஊர். ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு தெரு, அந்தக் கரையில் ஒரு தெரு. நடுவில் பாலம் கிடையாது. என் தம்பி கிரிசாந்தோவின் படகுதான் பாலம். நான் நர்ஸ் படிப்புப் படித்துப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனேன். அங்கே நரம்பு நோய் ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கியபோது, ஊர்க்காரன், ஆண்களோடு சகஜமாகப் பேசுகிறவன் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

எங்கள் தீவு ஆண்களுக்கென்றே ஒரு நோய் இருக்கிறது. லூபாக் என்போம். உடம்பு தானாக முறுக்கிக்கொள்ளும். தாய்க்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அவள் வழியாக மகனுக்கு வரும். எல்லா மகனுக்கும் வருமென்றும் இல்லை. நாற்பதை நெருங்கும்போது ஒருவனுக்குக் கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், இன்னொருவனுக்குத் தாடை பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு சாப்பாடு இறங்காமல் உடம்பு உருகும். இருக்கிற மாத்திரைகள் கொஞ்சம் தளர்த்திக் கொடுக்கும், குணப்படுத்தாது. எங்கள் அம்மாவுக்கு இரண்டு மகன்கள். கிரிசாந்தோவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் நல்லதோ கெட்டதோ, முதல் பங்கு எப்போதும் அவனுக்குத்தான்.

டாக்டரம்மா ஆஸ்துரியாஸ் மணிலாவிலிருந்து ஒரு புது மாத்திரையோடு வந்தார். இரண்டு கரை ஆண்களையும் தேவாலயத்தில் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார்.

"பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. பாதிப் பேருக்குச் சர்க்கரை மாத்திரை. பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, ரோமுலோவுக்கும் தெரியாது."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?" என்றான் அக்கரை திபுர்சியோ. அவனுக்கு அப்போதே இடுப்பு கோணி, நாற்காலியில் ஒருக்களித்துத்தான் உட்கார முடியும்.

"வெளிநாட்டுல ஒரு கம்ப்யூட்டருக்குத் தெரியும்."

"அது நம்ம ஊருக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்கா? எனக்கு எது வேணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குச் சர்க்கரை வந்தா காப்பியில போட்டுக்கறேன்" என்றான் என் தம்பி. "பெர்லிதா போடற காப்பியில அது ஒண்ணுதான் குறை."

அவன் மனைவி பெர்லிதா பின்வரிசையிலிருந்து செருப்பைத் தூக்கிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார். பிறகு அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. ஒருவர் எழுந்து நடப்பது மட்டும் போதாதாம். பக்கத்தில் எழுந்து நடக்காதவரும் இருந்தால்தான், எழுப்பியது மருந்து என்று சொல்ல முடியுமாம். அப்படி நிரூபணமாகிவிட்டால் ஊரில் நோய் கண்ட எல்லோருக்கும், இனி நோய் காணப்போகிறவர்களுக்கும், ஆயுசு முழுக்க மாத்திரை இலவசம். நிரூபணம் ஆகாவிட்டால் மருந்துக் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். இந்த நோய்க்காக இன்னொரு கம்பெனி இந்தப் பக்கம் வரவே வராது. எங்கள் ஒரு தீவை நம்பி யார் கடை போடுவார்கள்?

பழைய மாத்திரைகளை எல்லோரும் நிறுத்த வேண்டும் என்பது விதி. எல்லோரும் சரி என்றார்கள்.

ஆய்வு தொடங்குமுன் ஒரு வெள்ளோட்டம் உண்டு. ஆட்கள் ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று பார்க்க, எல்லோருக்கும் வெறும் வைட்டமின் மாத்திரையைப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தோம். அந்த நாட்களில் ஒரு காலை தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தை இயேசுவின் சொரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு நீல நிற பிஸ்கட் டின் இருந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் அந்த டின்னுக்குள் பிஸ்கட் தவிர எல்லாம் இருக்கும். ஊசிநூல் இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். விளிம்பு வரை மாத்திரை.

"என்ன பெர்லி இது?" என்றேன். எங்கள் பக்கத்தில் அண்ணனை மனோங் என்போம், அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எல்லாரோட மாத்திரையும், மனோங். தெருவே இதுல கொட்டிரும். காலையில ஜெபம் முடிஞ்சதும் ஆளுக்கு ரெண்டு எடுத்துக் கொடுக்கறேன்."

"அவங்கவங்க பாட்டில்ல இருக்கறத அவங்கவங்கதானே சாப்பிடணும்? டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க. பாதிப் பேருக்குச் சர்க்கரைன்னும் சொன்னாங்க. பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரையத் தின்னுட்டு முறுக்கிக்கிட்டுக் கிடப்பார், என் புருஷன் நல்ல மாத்திரை தின்னுட்டுப் படகு தள்ளுவாரா? அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போறது? கலந்துட்டா எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நல்லது கிடைக்கும்ல?"

"இப்ப இருக்கறது வெறும் வைட்டமின்தான்."

"தெரியும். இப்பவே பழகிக்கறோம்."

நான் சிரித்துவிட்டேன். எனக்கு அவள்மேல் எப்போதுமே மரியாதை உண்டு. ஆனால் பட்டணத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். எல்லோரும் பாதி மருந்து, பாதி சர்க்கரை சாப்பிட்டால் எல்லோரும் பாதி எழுந்து நிற்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே தெரியாது. மருந்து உதவாக்கரை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். ஒரு பிஸ்கட் டின்னால் தலைமுறை தலைமுறைக்குமான மருந்து கையை விட்டுப் போகும்.

டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். சொல்லியிருந்தால் அவர் நேர்மையான பெண், அன்றைக்கே ஊரை ஆய்விலிருந்து நீக்கியிருப்பார். பெர்லிதாவைத் திருத்தியிருக்கலாமே என்றும் கேட்டீர்கள். நீங்கள் பெர்லிதாவைப் பார்த்ததில்லை.

ஆகவே, அவர்களை மாற்ற முடியாதென்றால் ஆய்வை அவர்களுக்கு ஏற்றபடி மாற்றுவோம் என்று முடிவு செய்தேன். ஒரு தெருவே ஒரு டின்னில் சாப்பிடட்டும். டின் முழுக்க ஒரே மாத்திரையாக இருந்துவிட்டால் யார் யாரோடு பகிர்ந்தால் என்ன? ஒரு கரைக்கு மருந்து, மறு கரைக்குச் சர்க்கரை. இரண்டுக்கும் நடுவில் ஆறு. கடவுளே கோடு போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

எது எது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. பாட்டில்கள் எண்ணோடு வந்தன. வருகிற ஆளுக்கு வரிசைப்படி அடுத்த எண்ணைக் கொடுத்து, அதே எண்ணை அவனுக்குக் கடைசி வரை வைத்துக்கொள்வது என் வேலை. மூடிகளைப் பதமாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரையின் மேல்பூச்சைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன். மருந்து கசந்தது. மற்றது இனித்தது. கசப்பு எண்களை அக்கரைக்கும் இனிப்பு எண்களை இக்கரைக்கும் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்றி எழுதவில்லை. என் பதிவுகளில் பொய் எதுவும் கிடைக்காது, தேடிப் பார்த்திருப்பீர்கள்.

எந்தக் கரைக்கு எதைக் கொடுப்பது என்பதில்தான் நான் நிறைய யோசித்தேன். இக்கரையில் என் தம்பி இருக்கிறான். இக்கரைக்கு மருந்தைக் கொடுத்தால் நாளைக்கு யாராவது பாரபட்சம் என்பார்கள். ஆய்வில் பாரபட்சம்தான் பெரிய பாவம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொந்தத் தம்பியைச் சர்க்கரைப் பக்கம் வைக்கும் அளவுக்கு நேர்மையுள்ள வேறு எந்த நர்ஸையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

மருந்து வேலை செய்தது. அதில் சந்தேகமே வேண்டாம். மழைக்காலம் முடிவதற்குள் அக்கரையில் மனிதர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். திபுர்சியோ இடுப்பைப் பிடிக்காமல் நடந்தான், பிறகு வலை இழுத்தான், ஊர்த் திருவிழாவில் தன் மனைவியைக் கூப்பிட்டு ஆடினான். அவள் ஆடவே இல்லை, அவனைப் பார்த்தபடி அழுதுகொண்டு நின்றாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்காதீர்கள்.

இக்கரையில் பழைய மாத்திரையும் இல்லை, புதியதும் இல்லை. எதிர்பார்த்ததுதான். கிரிசாந்தோவுக்குக் கழுத்து பின்னால் மடங்கிக்கொண்டது. படகில் ஏறுவான், துடுப்பைப் பிடிக்க முடியாது. பெர்லிதாதான் துடுப்பு போட்டாள். இவன் முன்னால் மல்லாந்து கிடப்பான்.

"வானத்தையே பாத்துட்டிருக்கேன், மனோங்" என்றான் ஒரு நாள். வார்த்தைகள் குழறின. "மழை வந்தா ஊருக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிரும்."

"மழைக்கு உன் மூக்குதான் அடையாளமா?"

"இந்த மூக்கு இல்லாட்டி எப்பவோ மூழ்கியிருப்பேன்." வானத்தைப் பார்த்தபடியே கேட்டான். "பழைய மாத்திரைக்கே போயிரட்டுமா? அது ராத்திரி பாதியாவது தூங்க விட்டுச்சு."

"இன்னும் கொஞ்சம் பொறு. சில உடம்புக்கு மெதுவாத்தான் பிடிக்கும். இப்ப விட்டுட்டா இவ்வளவு நாள் பட்டது வீணாயிரும்."

"நீ சொன்னா சரி."

ஏன் என்று அவன் என்னிடம் ஒருபோதும் கேட்டதில்லை. எல்லா நோயாளிகளும் அப்படி இருந்தால் ஆராய்ச்சி எவ்வளவு சுலபமாக நடக்கும்.

இப்போது நான் செய்த ஒரே தவற்றைச் சொல்லிவிடுகிறேன். படகை மறந்துவிட்டேன். பெர்லிதா தினமும் அக்கரைக்குப் போய் வருகிறாள். அங்கே ஆண்கள் ஆடுகிறார்கள், இங்கே ஆண்கள் வானம் பார்க்கிறார்கள். அவள் முட்டாள் இல்லை. ஒரு காலை, படகிலிருந்து இறங்காமலே திபுர்சியோவிடம் கேட்டிருக்கிறாள். அவன் உடனே உள்ளே போய்த் தன் பாட்டிலைக் கவிழ்த்துப் பாதியைக் கொடுத்திருக்கிறான். மறுநாள் அக்கரைத் தெருவே பாதியைக் கொடுத்தது. அவளே என்னிடம் வாய் நிறையச் சிரிப்போடு இதைச் சொன்னாள். மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

சில வாரங்களில் இக்கரையும் நிமிர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போனபோது என்னை ஏற்றிக்கொள்ள வந்த படகில் துடுப்பு கிரிசாந்தோவின் கையில் இருந்தது. பாடிக்கொண்டே வந்தான். அவனுக்குக் குரல் நன்றாக இருக்காது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதே நேரத்தில் ஆய்வு கண்ணெதிரே மூழ்குவதையும் பார்த்தேன். இரண்டு கரையும் ஒன்றுபோல் நிமிர்ந்தால், மருந்து எழுப்பியதா, தானாக எழுந்தார்களா என்று யார் சொல்ல முடியும்?

அக்கரைக்குப் போய் திபுர்சியோவை எச்சரித்தேன். மாத்திரையைக் கொடுத்தால் ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள், பிறகு உனக்கும் கிடைக்காது என்றேன்.

"சரி, மனோங்" என்றான். "நீங்க சொல்றது நியாயம். நண்டு எடுத்துட்டுப் போறீங்களா?"

எங்கள் ஊரில் சரி என்றால் பேசி முடித்தாயிற்றா என்று அர்த்தம். அவன் கொடுப்பதை நிறுத்தவில்லை. ஆகவே மிச்சமிருந்தது டின் மட்டும்தான்.

மே மாதம் மாலைகளில் தெரு முழுவதும் மாதாவுக்குப் பூ வைக்கத் தேவாலயத்துக்குப் போய்விடும். தம்பி வீட்டுக்குப் பூட்டு கிடையாது. டின்னைக் கவிழ்த்து, ஆஸ்பத்திரியில் மிஞ்சியிருந்த இனிப்பு மாத்திரைகளால் நிரப்பி, அதே இடத்தில் வைத்தேன். குழந்தை இயேசுவை லேசாகத் திருப்பி வைக்க வேண்டியிருந்தது, இடம் போதவில்லை. அதற்குப் பிறகு பெர்லிதா அக்கரையிலிருந்து கொண்டுவந்து நிரப்ப நிரப்ப, நானும் போய் மாற்றிக்கொண்டிருந்தேன். நான் வீட்டுக்கு அடிக்கடி வருவதில் தம்பிக்கு மிகவும் சந்தோஷம்.

அப்படி எடுத்த மாத்திரைகளை என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். நல்ல மருந்தைக் குப்பையில் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. என் கழுத்து இடது பக்கம் இழுக்கத் தொடங்கியிருந்தது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன் போலிருக்கிறது. ஆய்வு தொடங்கிய சமயத்திலேயே தொடங்கிவிட்டது. வெளியே சொன்னால் வேலை போய்விடும். நான் போய்விட்டால் இந்த ஆய்வைப் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்? என் உடம்பு சரியாக இருப்பது எல்லோருக்கும் அவசியமாக இருந்தது. நான் ஆய்வில் பெயர் கொடுத்தவன் இல்லை, அதனால் சாப்பிட்டதில் எந்த விதியும் மீறப்படவில்லை. கழுத்து நன்றாகத்தான் ஆயிற்று.

கிரிசாந்தோவின் விஷயத்துக்கு வருகிறேன். டின் மாறிய சில நாட்களிலேயே அவனுக்கு மறுபடி வந்துவிட்டது. முன்பு கழுத்தும் கொஞ்சம் குழறலும்தான். இந்த முறை தாடை, நாக்கு, தொண்டை எல்லாம் சேர்ந்துகொண்டன. நான் மாதாந்திரப் படம் எடுக்கப் போன நாள் அது. ஒவ்வொரு நோயாளியையும் உட்கார வைத்து, நடக்க வைத்து, பேச வைத்து, கடைசியில் ஒரு குவளைத் தண்ணீர் குடிக்க வைத்துப் படம் எடுக்க வேண்டும். வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள்.

"தண்ணி மட்டும் வேண்டாம், மனோங்" என்றாள் பெர்லிதா. "காலையிலருந்து எச்சிலே இறங்கல. கஞ்சி கொடுத்தேன், மூக்கு வழியா வந்துருச்சு."

"ஒரே ஒரு வாய், பெர்லி. அது இல்லாட்டி படம் செல்லாது."

கிரிசாந்தோ என்னைப் பார்த்தான். பேச முடியவில்லை. குவளைக்காகக் கையை நீட்டினான். கை முறுக்கிக்கொண்டதால் நான்தான் வாயில் வைத்தேன்.

புரையேறியது. பிறகு மூச்சு இறங்கவில்லை. நான் நர்ஸ், செய்ய வேண்டியது என்னென்ன என்று எனக்குத் தெரியும். முதலில் கேமராவை நிறுத்தினேன். பிறகு அவனைக் குப்புறச் சாய்த்து முதுகில் தட்டினேன், மார்பை அழுத்தினேன், என்னால் முடிந்ததெல்லாம் செய்தேன். பெர்லிதா அவன் கால்களைப் பிடித்துக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்புறம் நிறுத்திவிட்டாள். படம் தெளிவாக வந்திருந்தது. அது இப்போது உங்களிடம் இருக்கிறது.

துக்க வீட்டில் எங்கள் வழக்கப்படி பல நாள் ஆட்கள் கூடியிருந்தார்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் சீட்டாடினார்கள், இஞ்சி டீ குடித்தார்கள், கிரிசாந்தோ சொன்ன ஜோக்குகளை அவனைப் போலவே குழறிச் சொல்லிச் சிரித்தார்கள், அழுதார்கள். இக்கரையில் அந்த வாரம் இன்னும் இருவர் படுத்தார்கள். அதில் ஒருவர் எழுந்தார். டாக்டரம்மா மணிலாவிலிருந்து வந்து என்னை ஒரு ஓரமாகக் கூட்டிப்போனார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"கிரிசாந்தோ சர்க்கரைப் பக்கம் இருந்திருப்பாரோ, ரோமுலோ? பட்டியலைத் திறந்து பாத்துரலாமான்னு இருக்கு."

"நாம தெரிஞ்சுக்கக் கூடாது, டாக்டரம்மா. ஆய்வு முடியற வரைக்கும் பொறுக்கணும்."

"சொந்தத் தம்பி போயும் இப்படிச் சொல்றீங்க பாருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கள மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும்."

அந்தப் பாராட்டை நான் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கும் அது தேவைப்பட்டது.

அடக்கத்துக்கு முந்தின மாலை பெர்லிதா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். ஒரு கைக்குட்டை முடிச்சை என் கையில் வைத்தாள். உள்ளே மாத்திரைகள்.

"உங்க பங்கு, மனோங்."

"எனக்கு எதுக்கு?"

"உங்க கழுத்து இடது பக்கம் இழுத்தது எனக்குத் தெரியாதா? வருஷக்கணக்கா இந்த வீட்டுல அதைத்தானே பாத்துட்டிருக்கேன். அவருக்கும் தெரியும். 'அண்ணனுக்கு வந்துருச்சு, வேலை போயிரும்னு வெளிய சொல்ல மாட்டேங்கறான், கேக்கவும் வெட்கப்படுவான். நாமளா கொடுத்தா வாங்கிக்குவான்'னு சொன்னார். தினம் அவருக்குக் கொடுக்கற ரெண்டுல ஒண்ணை எடுத்து இதுல போட்டுருவார். கொஞ்சம் சேரட்டும், அப்புறம் கொடுக்கலாம்னு இருந்தோம்."

வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லி அவள் மனதைப் புண்படுத்துவது எப்படி? வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்த்தேன். மேலே இருந்தவை இனித்தன. அடியில் இருந்தவை கசந்தன. கசந்தவற்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் அழுதேன் என்பதையும் உங்கள் அறிக்கையில் சேர்க்க வேண்டும்.

மற்றது உங்களுக்குத் தெரிந்ததுதான். முடிவு வந்தபோது இரண்டு கூட்டத்துக்கும் அப்படி ஒரு வித்தியாசம், டாக்டரம்மா இருந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். கம்பெனிக்காரர்கள் கேக் வெட்டினார்கள். பிறகு வெளிநாட்டில் யாரோ ஒரு கணக்குக்காரர் விலாசங்களை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறார். மருந்தெல்லாம் ஆற்றுக்கு ஒரு பக்கம், சர்க்கரையெல்லாம் மறு பக்கம். குலுக்கிப் போட்டால் இப்படி விழாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவர் மட்டும் கொஞ்சம் அசட்டையாக இருந்திருந்தால் இன்றைக்கு எங்கள் தீவில் ஒவ்வொரு வீட்டிலும் மருந்து இருந்திருக்கும். ஆய்வு செல்லாது என்று நீங்கள் அறிவித்துவிட்டீர்கள். கம்பெனி மூட்டை கட்டுகிறது. என் தம்பியின் சாவை வீணாக்கியது நான் இல்லை, நீங்கள்தான். ஆனாலும் உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆக, நீங்கள் எழுதிக்கொண்டு வந்த வாசகத்தில் கையெழுத்துப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. டின்னை மாற்றியது நான். தண்ணீர் கொடுத்தது நான். வேண்டுமென்றே என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடலாம், அது படிக்க நன்றாக இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சிறையில் என் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள், மாத்திரைகள் அதில் இருக்கின்றன. இரண்டு நாளாக எனக்குக் கொடுக்கவில்லை, இன்று காலை தாடை லேசாக இழுக்கிறது. இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நோய் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும், தொண்டை பூட்டிக்கொள்ளும், ஒரு வாய்த் தண்ணீர்கூட ஆளைக் கொன்றுவிடும். பயிற்சியின் முதல் நாளே டாக்டரம்மா இதை எங்களுக்கு அழுத்தி அழுத்திச் சொன்னார், நான் அன்றைக்கே நன்றாக மனதில் வாங்கிக்கொண்டேன். பையில் இருப்பது தீர்ந்துவிட்டால் பெர்லிதாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அக்கரையில் கேட்டு வாங்கி வந்து தருவாள், அவள் அப்படிப்பட்டவள். விஷயம் தெரிந்தும் ஒரு மனிதனை அந்த மாதிரி சாகவிடும் அளவுக்கு நீங்கள் யாரும் ஈவிரக்கம் இல்லாதவர்கள் அல்ல என்று நம்புகிறேன்.